ஒளிராத தயிர்

பெண்கள் விடுதியின் மற்ற அறைகளெல்லாம் வழக்கம்போல் திரையில் பச்சையும் சிவப்புமாகப் பதிவு காட்டிக்கொண்டிருக்க, 312-ஆம் அறை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, அந்தத் திங்கட்கிழமை காலையில் அடியோடு அணைந்துபோயிருந்தது. கருவிதான் பழுதாகியிருக்கும் என்று முதலில் நினைத்தாள் சண்முகவடிவு. ஆளை அனுப்பிக் கருவியை மாற்றச் சொன்னாள். புதுக் கருவியும் இருட்டையே காட்டியது.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் தொழிற்பேட்டையில், கைப்பேசித் திரைகள் செய்யும் தொழிற்சாலை அது. தென்காசியிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் குளச்சலிலிருந்தும் வந்த பெண்கள், அறைக்கு ஆறு பேராக விடுதியில் தங்கி வேலை பார்த்தார்கள். சில வருடங்களுக்கு முன் விடுதித் தண்ணீரில் ஏதோ கலந்து, வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக மாடி மாடியாகப் படுத்துவிட்டார்கள். ஒரு பெண் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நுண்ணுயிரியல் படித்த வடிவை நிறுவனம் வேலைக்கு எடுத்தது. கோவில்பட்டிக்காரி, பேச்சு குறைவு, வேலையில் கெட்டி. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே அதைக் கண்டுகொள்ள அவள் ஒரு வழி செய்தாள்.

தினமும் காலையில் கேன்டீனில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கப் தயிர். அந்தத் தயிரில் இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் சம அளவில் இருக்கும். ஒன்றின் உடம்பில் பச்சையாக ஒளிரும் புரதம். இன்னொன்றில் சிவப்பாக ஒளிரும் புரதம். வயிறு நலமாக இருந்தால் பச்சை வகை வேகமாகப் பெருகும். காய்ச்சலோ கவலையோ தூக்கமின்மையோ, உடம்பில் எது மாறினாலும் சிவப்பு முந்திக்கொள்ளும். அறையின் கழிப்பறையில் பதித்த சிறு கருவி நீல ஒளியைப் பாய்ச்சி, எது எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடும்.

வேலையில் சேரும்போதே வடிவு ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். பதிவு அறைக்குத்தான், ஆளுக்கு அல்ல. எந்தப் பெண்ணின் பெயரும் திரையில் வரக்கூடாது. நிறுவனம் ஒத்துக்கொண்டது. பதிலுக்கு நிறுவனமும் ஒன்று கேட்டது. ஒளி, கருவி என்றெல்லாம் சொன்னால் பெண்கள் பயந்துவிடுவார்கள், சத்துத் தயிர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். வடிவும் சரி என்றாள்.

தொழிலாளர் நலப் பிரிவின் தலைவர் தீனதயாளன் அன்று மதியமே அவளைக் கூப்பிட்டனுப்பினார். குரலை உயர்த்தாத மனிதர். 312-இல் இப்போது நான்கு பேர்தான் இருக்கிறார்கள், நான்கு பேரும் பேசிவைத்துக்கொண்டு தயிரை வாஷ்பேசினில் கொட்டுகிறார்கள், அவர்களை ஆளுக்கொரு மாடியாகப் பிரித்துப் போட்டுவிடலாம் என்பது அவருடைய முடிவாக இருந்தது.

"கொட்டறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க சார்?"

"சாப்பிட்டா ஒளி தெரியணும் இல்லையா? உங்க கருவி பொய் சொல்லாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

ஒரு வாரம் பொறுங்கள், நானே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். படியிறங்கும்போது மனதில் ஏதோ உறுத்தியது. நோய் என்றால் சிவப்பு ஏறும். இருட்டு நோய் அல்ல. அந்த அறைப் பெண்கள் ஒரு நாள் கூட விடுப்பு எடுக்கவில்லை. பிறகு இந்த மனிதருக்கு ஓர் அறை தெரியாமல்போனதில் ஏன் இவ்வளவு தவிப்பு?

ஞாயிற்றுக்கிழமை மதியம் விடுதிக்குப் போனாள். 312-இன் கதவைத் தட்டியதும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு நின்றது. கதவைத் திறந்தவள் இசக்கியம்மாள். கடையநல்லூர்ப் பக்கத்துப் பெண், அறையில் மூத்தவள். மற்ற மூவரும் கட்டில்களில் எழுந்து உட்கார்ந்து, கைப்பேசிகளைத் தலையணைக்கடியில் தள்ளினார்கள். ஆறு கட்டில்களில் இரண்டு வெறும் பலகையாகக் கிடந்தன.

தயிர் பிடிக்கிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று வடிவு கேட்டாள். தினமும் சாப்பிடுவதாகச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதையே நால்வரும் சொன்னார்கள். இசக்கி மட்டும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு என்ன சொல்லி உங்கள அனுப்பிச்சிருக்காங்க மேடம்?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன். நானும் உங்க பக்கந்தான், கோவில்பட்டி."

ஊர்ப் பெயர் கேட்டதும் இசக்கியின் முகம் சற்றே இளகியது. வெறும் கட்டில்களைக் காட்டி, அவர்கள் எங்கே என்று வடிவு கேட்டாள்.

"ஒருத்தியைப் போகச் சொன்னாங்க. இன்னொருத்தியை நாங்க போக வச்சோம்" என்றாள் இசக்கி.

பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தொடங்கியபின் நால்வரும் மாறி மாறிச் சொன்னார்கள். போகச் சொல்லப்பட்டவள் பூங்கோதை, மன்னார்குடிக்காரி. தையில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்பியவள். பயிற்சித் தொழிலாளியாக இருக்கும்வரை பிள்ளை உண்டாகக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் உண்டானவர்களுக்கு ஒப்பந்தம் நீடித்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மாசிக் கடைசியில் பூங்கோதையைக் கம்பெனி டாக்டர் அழைத்துப் பரிசோதித்தார். அந்த வாரமே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். அவள் கர்ப்பமாக இருப்பது அதே அறையில் படுத்தெழுந்த இவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. அல்சர், வயிறு சரியில்லை என்றுதான் அதுவரை சொல்லியிருந்தாள். எங்களுக்கே தெரியாதது கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன் என்று அழுதாள் பூங்கோதை. அந்த ஒருத்தி, பக்கத்துக் கட்டிலில் படுத்த குளச்சல் பெண் ஜெனோவா.

பூங்கோதை போனபின் ஜெனோவாவோடு யாரும் பேசவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேசையைவிட்டு எழுந்து போனார்கள். ஒரு நாள் அவளுடைய போர்வையையும் பெட்டியையும் வராந்தாவில் எடுத்து வைத்தார்கள். அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். இப்போது காஞ்சிபுரத்தில் ஏதோ பட்டுக் கடையில் நிற்கிறாளாம்.

வடிவுக்கு மாசிக் கடைசி என்றதுமே ஞாபகம் வந்துவிட்டது. அந்த வாரம் 312-இல் சிவப்பு திடீரென்று ஏறியிருந்தது. டைபாய்டோ என்று பயந்து, இந்த அறையில் ஒருவருக்கு உடல் மாற்றம் தெரிகிறது, மருத்துவர் பார்ப்பது நல்லது என்று நலப் பிரிவுக்குத் தகவல் அனுப்பியவள் அவள்தான். அக்கறையோடுதான் அனுப்பினாள். அறையின் எண்ணை மட்டுமே குறிப்பிட்டாள்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். மறுக்கத் தோன்றவில்லை. இசக்கி ஜன்னலோரம் இருந்த தூக்குப்போசியைத் திறந்து, சோற்றில் தயிரை அள்ளிப் போட்டாள். கெட்டியான, அதிகம் புளிக்காத தயிர்.

"இது ஏது?"

"நாங்க உறை ஊத்துனது. பூங்கோதைக்குத் தயிர்ச்சோறு மட்டுந்தான் இறங்கும்னு இருந்துச்சு. கம்பெனி கப்பு எந்த மூலைக்கு? அதான் பால் வாங்கிக் காய்ச்சி, கம்பெனி தயிரையே ஒரு கரண்டி விட்டோம். அன்னையிலருந்து நேத்துத் தயிரு இன்னைக்கு உறை. ஒரு நாள் தவறல."

வடிவு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எனக்கும் கொஞ்சம் உறை கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஆய்வகத்தில் இரண்டு தட்டுகளையும் நீல விளக்கின்கீழ் வைத்துப் பார்த்தாள். கம்பெனித் தயிர் தடவிய தட்டில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் ஒளிர்ந்தன. இசக்கியின் தயிர் தடவிய தட்டில் ஒன்றும் தெரியவில்லை. அறை விளக்கைப் போட்டதும்தான் தெரிந்தது: அந்தத் தட்டு நெடுக, கம்பெனிப் புள்ளிகளைவிடப் பெரிதாக, கொழுகொழுவென்று வெள்ளைப் புள்ளிகள். அவை செத்துப்போகவில்லை. ஒளியை மட்டும் விட்டுவிட்டிருந்தன.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வந்ததும் வடிவு மறுபடி 312-க்குப் போனாள். என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவள், போய் உட்கார்ந்ததும் தயிரிலிருந்தே தொடங்கினாள்.

"கம்பெனி தயிர்ல இருக்கற கிருமிக்கு உடம்பு ஒளிரும். ஒளியை உண்டாக்குறது அதுக்கு ஒரு சுமை. ரெண்டு பேரு ஓடுதாங்கன்னு வச்சுக்கோ. ஒருத்தன் கையில பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒருத்தன் வெறுங்கை. யாரு முந்துவா?"

"வெறுங்கைக்காரன்."

"லட்சத்துல ஒண்ணு விளக்கைக் கீழ போட்டுட்டு ஓடத்தான் செய்யும். கம்பெனில தெனமும் புதுசாத் தயிர் செய்யறதால அது பெருக நேரமிருக்காது. நீங்க நேத்துத் தயிர்லருந்து இன்னைக்கு, இன்னைக்குத் தயிர்லருந்து நாளைக்குன்னு ஊத்திக்கிட்டே வந்தீங்க. விளக்கில்லாதது தெனம் கொஞ்சம் கொஞ்சமா முந்திருச்சு. இப்ப போசில இருக்கறது பூரா அதுதான். உங்க வயித்துலயும் அதுதான். கம்பெனி கப்பு உள்ள போனாலும் அதுக்கு எடமில்ல."

இசக்கி கேட்டாள்: "அந்த விளக்கு எதுக்கு மேடம் எங்க வயித்துக்குள்ள?"

வடிவு எல்லாவற்றையும் சொன்னாள். கழிப்பறைக் கருவி, பச்சை, சிவப்பு, மாசிக் கடைசியில் அனுப்பிய தகவல். அறைக்குத்தான் பதிவு என்று தனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் கதவில் அடையாள அட்டையைப் படிக்கும் கருவி எதையாவது ரகசியமாகப் பொருத்தி, யார் எப்போது உள்ளே போனார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூங்கோதை என்று தெரிந்திருக்க வழியில்லை. "சொன்னது ஜெனோவா இல்ல. நான்தான். என்னோட கருவிதான்."

ஒருத்தி எழுந்து கழிப்பறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். இன்னொருத்தி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, வெறும் பலகைக் கட்டிலையே பார்த்தபடி இருந்தாள். யாரும் வடிவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"பெட்டிய வராந்தாவுல வச்சது நான்தான்" என்றாள் இசக்கி கடைசியில். "போயி ஜெனோவாட்ட சொல்லுங்க மேடம். எங்களுக்கு அவ மூஞ்சில முழிக்க வழியில்ல."

பூங்கோதையிடம் தானே போன் செய்து சொல்லிவிடுவதாகவும் சொன்னாள்.

வடிவு மறுநாள் நேராகத் தீனதயாளனிடம் போனாள். வாக்கு மீறிவிட்டீர்கள் என்று சொன்னாள். அவர் கோபப்படவில்லை. எலக்ட்ரீஷியனை வரவழைத்தார், எந்த அறை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள் என்றார். 312-இலும் பக்கத்து அறைகளிலும் கழிப்பறைக் கதவையும் நிலையையும் கழற்றிப் பார்த்தாள் வடிவு. அவள் பொருத்திய கருவியைத் தவிர எதுவும் இல்லை. பதிவுகளையும் திறந்து காட்டினார். அறை எண்களைத் தவிர எதுவும் இல்லை.

"அப்ப ஆறு பேர்ல பூங்கோதைதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

தீனதயாளன் லேசாகச் சிரித்தார். "நம்பர் சந்தேகப்பட வைக்கும் மேடம். பேரை மனுஷங்கதான் சொல்லணும். நமக்கு ஏற்கனவே தெரியும்னு நினைச்சுட்டா, சொல்லவும் செய்வாங்க."

யார் என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. 312 ஏன் இருண்டது என்று அவர் திருப்பிக் கேட்டார். பாக்டீரியா ஒளியை இழந்துவிட்டது, இன்றில்லாவிட்டால் நாளை எல்லா அறைகளிலும் இதுதான் நடக்கும், இந்தப் பதிவை இனி நம்ப முடியாது, திட்டத்தை நிறுத்திவிடலாம் என்றாள். தூக்குப்போசியைப் பற்றி மூச்சு விடவில்லை.

"மத்த அறையெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர், அவள் கண்ணைப் பார்த்தபடி.

ஆவணி பிறந்தது. அதற்குள் மூன்றாம் மாடியில் மேலும் சில அறைகள் மங்கத் தொடங்கியிருந்தன. 312-இலிருந்து பக்கத்து அறைக்கு உறை போயிற்று. அங்கிருந்து அடுத்த அறைக்கு. எதற்கு என்று இசக்கி யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. தயிர் நன்றாக இருந்தது, கேட்டார்கள், கொடுத்தாள்.

வடிவு காஞ்சிபுரம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். தீனதயாளன் சொன்னது காதிலேயே இருந்தது. போனால் ஜெனோவாவிடம் மன்னிப்புக் கேட்பதா, விசாரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறினாள்.

காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றில், புடவைகளை விரித்துக் காட்டி மறுபடி மடித்துக்கொண்டிருந்த ஒல்லியான பெண்தான் ஜெனோவா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசினார்கள். வடிவு தான் யார் என்றும், தயிர் எப்படி அவர்களைக் காட்டிக்கொடுத்தது என்றும் சொன்னாள். ஜெனோவா பாதியிலேயே குறுக்கிட்டாள்.

"நீங்க வரக் காணேலன்னு இசக்கிக்காவே போன் போட்டாவ. பூங்கோதையும் போன் போட்டா. உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்னு அழுதா. ஏழாம் மாசம், வளைகாப்புக்கு நீ கண்டிப்பா வரணும்னு சொன்னா."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்." அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "வேற என்ன சொல்ல? எல்லாம் என்னாலதான்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

வடிவு காத்திருந்தாள்.

"தீனதயாளன் சாரு ஒண்ணும் கேக்கேல மேடம். எல்லாம் தெரியும்னுதான் சொன்னாரு. உங்க ரூம்ல ஒருத்திக்கு உடம்புல மாத்தம் இருக்கு, மிஷின் காட்டிருக்கு, பூங்கோதைதானே, டாக்டர் பாத்தா அவளுக்குத்தான் நல்லதுன்னாரு. எனக்கு பயமாட்டு இருந்து. தெரிஞ்சதைத்தானே கேக்காருன்னு நெனச்சேன். நான் வாயத் தொறக்கேல. தலைய மட்டும் ஆட்டினேன்."

கடைக்குள்ளிருந்து யாரோ அவளை அழைத்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"வளைகாப்புக்குப் போகவா, வேண்டாமா?"

"போ. போய்ச் சொல்லிரு."

"சொன்னா அவ மறுபடி எங்கூடப் பேசமாட்டா."

"பேசமாட்டாதான்" என்றாள் வடிவு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் வாரேன். நீ பாதி சொன்னே, நான் பாதி சொன்னேன். ரெண்டு பேருமாப் போயிச் சொல்லுவோம்" என்றாள்.

மன்னார்குடியிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி, பூங்கோதையின் தாய்வீடு. பந்தல் போட்டிருந்தார்கள். திருப்பூரிலிருந்து வந்திருந்த புருஷன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். மஞ்சளும் சந்தனமும் பூசிக்கொள்ளும் முன்பே பூங்கோதை இருவரையும் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போனாள். ஜெனோவாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது, முகம் பூரித்திருந்தது.

ஜெனோவா அந்தக் கையை விலக்கிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். தலையை ஆட்டியதைச் சொன்னாள். பயந்துவிட்டதைச் சொன்னாள். வடிவு தன் பங்கையும் சொன்னாள்.

பூங்கோதை துவைகல்லின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். உள்ளே பாத்திரச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. ஜெனோவா திரும்பிப் போகலாம் என்று வடிவுக்குக் கண்ணைக் காட்டினாள்.

"என்னையும் கூப்புட்டு அனுப்புனாரு" என்றாள் பூங்கோதை. "அதுக்கு முன்னாடி, போன வருஷம். ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் பாக்க மாட்டோம்னு இசக்கியக்கா எல்லாத்தையும் சேத்துச்சே. எனக்கு எல்லாம் தெரியும், உங்க ரூம்ல யாரும் சரியாத் தூங்கறதில்ல, யாரு தொடங்குனதுன்னு மட்டும் சொல்லுன்னாரு. சொல்லிப்புட்டேன்."

அந்த ஓவர்டைம் பேச்சு ஒன்றுமில்லாமல் போனதும், இசக்கியைக் திரைகளில் குறை தேடும், கண்ணுக்குக் கெடுதலான வரிசைக்கு மாற்றியதும் ஜெனோவாவுக்குத் தெரியும்.

"அதான் எனக்கு ஒடனே நீதான்னு தோணுச்சு ஜெனோவா. எவ்வளவு சுளுவா சொல்ல வருதுன்னு எனக்குத்தானே தெரியும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழவில்லை. உள்ளேயிருந்து நேரமாகிவிட்டது என்று குரல் வந்தது. பூங்கோதை எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இசக்கியக்காவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் என்று இருவரிடமும் கேட்டுக்கொண்டாள். சத்தியம் வாங்குவதுபோல் கேட்டாள். பந்தலில் உறவுக்காரப் பெண்கள் முடித்தபின் ஜெனோவாவும் அவள் கையில் வளையல் அடுக்கினாள். வடிவும் அடுக்கினாள். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது, யாரும் கவனிக்கவில்லை.

ஜெனோவா இரவு தங்கிவிட்டு வருவதாகச் சொன்னாள். வடிவு சாயங்காலப் பஸ்ஸில் ஏறினாள். ஒரே நபர், ஒரே வார்த்தை, ஒவ்வொரு பெண்ணிடமும். அவளுடைய பச்சையும் சிவப்பும் அந்த மனிதருக்குத் தந்தது ஓர் ஆரம்பம் மட்டுமே. 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று சொல்வதற்கான தைரியம். தயிர் நின்றாலும், கருவிகளைக் கழற்றினாலும் அவரிடம் அது இருக்கத்தான் செய்யும்.

நீடாமங்கலம் தாண்டும்போது போன் அடித்தது. இசக்கி. வளைகாப்பு எப்படி நடந்தது, பூங்கோதை எப்படி இருக்கிறாள், சாப்பாடு என்ன என்று வரிசையாகக் கேட்டாள். ஜெனோவா போயிருந்தாளா என்று கேட்டாள். போயிருந்தாள், பூங்கோதைக்கு வளையல் போட்டாள் என்றாள் வடிவு. ரொம்பச் சந்தோஷம் என்றாள் இசக்கி. ஆனால் போனை வைக்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த ஆளு வேற யாரையெல்லாம் கூப்பிட்டு விசாரிச்சாருன்னு அங்க பேச்சு வந்துச்சா?"

வடிவு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இல்லம்மா. அப்படி ஒண்ணும் பேசல."

இசக்கியின் குரல் தணிந்தது.

"நான் ஏதோ சொன்னேன்னு யாரும் சொல்லலியே?"

அன்று முழுவதும் இசக்கியைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை. அவள்மேல் யாருக்கும் சந்தேகம் எழுந்ததுமில்லை. யாரைப் பற்றி, எப்போது, என்ன சொன்னாய் என்ற கேள்விகள் வடிவின் நாக்கு நுனிவரை வந்தன.

"இல்ல இசக்கி. யாரும் உன்னைப் பத்தி எதுவும் சொல்லல."

அந்தப் பக்கம் அவள் மூச்சை விடுவது கேட்டது. பிறகு பழைய குரலில், நாலாம் மாடியிலும் ஓர் அறையில் உறை கேட்டிருக்கிறார்கள், நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன் என்றாள்.

எந்த அறைக்கு என்று கேட்க வாயெடுத்த வடிவு, கேட்காமல் விட்டுவிட்டாள்.